வைரவரிடம் கேட்ட நிலவு

என் மகள் நிலவு வேண்டுமென்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, எங்கள் ஒழுங்கை முகப்பில், தெருமுனைச் சின்னக் கோயிலில் இருக்கிற வைரவரிடம் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. கையில் ஒரு செவ்வரத்தம் பூவை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஊருக்கே கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"வைரவர் அப்பா, ஒவ்வொரு நாளும் நிலவு வரவேணும். வந்தால் அம்மாவைக் கொண்டு உங்களுக்கு வடைமாலை போடுவிக்கிறன்."

பின்னால் நின்ற எனக்குப் பகீரென்றது. தோளைப் பிடித்து இழுத்தேன்.

"எடியே, வாயைப் பொத்து! கடலுக்குப் போறவன்ரை பிள்ளை கேக்கிற கேள்வியே இது? கண்டறியாத நிலவு!"

தோட்டக்காரருக்கும் உத்தியோகக்காரருக்கும் நான் ஏன் பதறினேன் என்று விளங்காது. நிலவு அடித்தால் கடலில் விரித்த வலை மீனின் கண்ணுக்குத் தெரிந்துவிடும், அது விலகிப் போய்விடும். அதனால் எங்கள் ஆட்கள் இருட்டுக் காலத்தில்தான் தொழிலுக்குப் போவார்கள். பறுவத்துக்கு, அதுதான் பௌர்ணமிக்கு, முன்னும் பின்னும் படகுகள் கரையில் கிடக்கும். வீட்டில் அடுப்பும் அரைவாசி நாள் சும்மா கிடக்கும். எங்களுக்குச் சோறு போடுவது இருட்டு. அந்தச் சோற்றைத் தின்றுகொண்டு நிலவு வேண்டும் என்று நேர்த்தி வைத்தால் பெற்றவளுக்குக் கோபம் வராதா?

ஆனால் அவள் ஏன் கேட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆமி பிடித்து வைத்திருந்த எங்கள் காணி விடுபட்டு நாங்கள் திரும்பி வந்தபோது இந்த ஒழுங்கையில் வந்து குடியேறியது எட்டு வீடுகள்தான். மற்றக் காணிகளெல்லாம் பற்றை. மின்கம்பம் நட்டிருக்கிறார்கள், அதில் விளக்கு இல்லை. கேட்டால் வரும், வரும் என்பார்கள். இருட்டுக் காலத்தில் ஆண்கள் பின்னேரமே கடலுக்குப் போய்விடுவார்கள். ஆறரை மணிக்கெல்லாம் நான் படலையைக் கட்டிவிட்டுப் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொள்வேன். பாம்புக்கும் பயம், தெருநாய்க்கும் பயம், மோட்டார் சைக்கிளில் வருகிற கண்டநின்ற ஆட்களுக்கும் பயம். அவள் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்ப்பாள். பார்க்க என்ன இருக்கிறது? ஒன்றும் தெரியாது.

நிலவு வந்தால் இதே ஒழுங்கை வேறு ஊராகிவிடும். வைரவர் கோயில் மணலில் பிள்ளைகள் எல்லோரும் ஒளித்துப் பிடித்து விளையாடுவார்கள். பெண்கள் படலை வாசலில் நின்று கதைப்போம். எல்லாவற்றையும் விட, அப்பாமார் வீட்டில் இருப்பார்கள். என் மனுசன் மணலில் காலை நீட்டி இருந்துகொண்டு மகளின் தலைமயிரைப் பின்ன வெளிக்கிடுவார். வலைக்குப் போடுகிற முடிச்சைப் போட்டு வைப்பார், அதை அவிழ்க்க எனக்கு அடுத்த நாள் காலை முழுக்கப் போகும். அவளுக்கு அதுதான் வேண்டும். ஒவ்வொரு நாளும் வேண்டும்.

இருட்டுக் காலம் முழுவதும் எங்களுக்குக் கிடைத்தாலும் பரவாயில்லை. கிழமையில் மூன்று நாள் அக்கரையிலிருந்து, இந்தியப் பக்கத்திலிருந்து, இழுவைப் படகுகள் வரும். அந்த நாட்களில் கடலில் வலை போட்டால் அது வலையல்ல, தானம். மீனோடு எங்கள் வலையையும் சேர்த்து அரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அதனால் அந்த மூன்று நாளும் எங்கள் ஆட்கள் போவதில்லை. அடுப்படிச் சுவரில் தொங்குகிற கலண்டரில், போகக்கூடிய நாட்களுக்கு மட்டும் நான் வட்டம் போட்டு வைப்பேன். பறுவத்தைக் கழித்து, இழுவைப் படகு நாட்களைக் கழித்து, காற்றையும் கழித்தால் மாதத்தில் என்னதான் மிஞ்சும்?

அந்த மாதம் காற்றே எல்லாவற்றையும் தின்றுவிட்டது. வட்டம் போட்ட நாளெல்லாம் வீணாய்ப் போக, இருட்டில் இரண்டே நாள் மிச்சம். அதில் முதலாவது நாள் இழுவைப் படகுகள் வருகிற நாள். வீட்டில் பருப்பு முடிந்திருந்தது. காலையில் மகளுக்குத் தேத்தண்ணியும் பாணும் கொடுத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியிருந்தேன்.

"இண்டைக்கு வேண்டாமப்பா. அவங்கள் வாற நாள். நாளைக்குப் போறன்" என்றார் என் மனுசன்.

"நாளைக்குக் காத்து எழும்பாதெண்டு ஆர் எழுதித் தந்தது? பிறகு ரெண்டு கிழமை நிலவு. என்னத்தைச் சாப்பிடுறது, மணலையோ?" என்றேன். நான் கதைக்கத் தொடங்கினால் நிற்பாட்ட எனக்கே தெரியாது. "மற்ற வீட்டு ஆம்பிளையள் துணிஞ்சு போகேல்லையே?" என்றும் சொன்னேன். அது பொய். அன்றைக்கு ஒருவரும் போகவில்லை. அது எனக்குத் தெரியும்.

அவர் என்னோடு வாதாடாத மனிதர். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எழும்பினார். அன்றைக்காவது என்னை நாலு பேச்சுப் பேசிவிட்டுப் பாயில் படுத்திருக்கலாம். படலையில் மகள் மறித்தாள்.

"அப்பா, நிலவு எப்ப பெரிசாய் வரும்?"

"இன்னும் ஒரு கிழமையிலை குஞ்சு. பிறகு அப்பா வீட்டிலைதான்."

விடியக் கரைக்குப் போனேன். மீன் கூடையையும் கொண்டுதான் போனேன், அந்த வெட்கக்கேட்டை இப்போதும் மறக்க முடியவில்லை. அவர் படகு விளிம்பில் குந்திக்கொண்டு இருந்தார். கையில் ஒரு துண்டுக் கயிறு, அதில் நாலைந்து மிதப்புக் கட்டைகள். வேறொன்றும் இல்லை.

"முழுக்கப் போச்சு" என்றார்.

என் தாலிக்கொடியை விற்று வாங்கிய வலை அது. என் கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறு. சுற்றி நின்ற ஆட்கள், "நாசமறுப்பாங்கள், பாழ்படுவாங்கள்" என்று கடலைப் பார்த்துத் திட்டினார்கள். அவங்கள் வருகிற நாளில் ஏன் போனாய் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதென்று எனக்குப் பட்டது. இவள்தான் அனுப்பினாள் என்று அவர் சொல்லியிருப்பார், எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கு வரைக்கும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தோம். மகள் அப்போதுதான் எழும்பிக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். இருட்டுக் காலத்தில் அப்பா அந்த நேரத்துக்கு வெறுங்கையோடு முற்றத்தில் இருப்பதைக் கண்டதும் கைதட்டினாள்.

"அப்பா வீட்டிலை நிக்கிறார்! நிலவு வந்திட்டுதோ?"

கையிலிருந்த மீன் கூடையை முற்றத்தில் எறிந்தேன்.

"ஓமடி, வந்திட்டுது! உன்ரை வாயாலைதான் எல்லாம். நீ கேட்ட நிலவுதான் எங்கடை வலையைத் திண்டது. இப்ப சந்தோசமே உனக்கு?"

அவள் அழுதிருந்தால் நான் அப்போதே தூக்கி அணைத்திருப்பேன். அழவில்லை. தட்டிய கையை மெல்லக் கீழே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சீருடையைப் போட்டுக்கொண்டாள்.

"பிள்ளையை ஏன் பேசுறாய்" என்று மட்டும் அவர் சொன்னார்.

கடற்றொழில் திணைக்களத்து ஆட்கள் வந்து வலை போன விபரத்தைப் பதிந்துகொண்டு போனார்கள். அவ்வளவுதான். இப்போது அவர் காலை முதல் பஸ்ஸில் நீர்வேலிக்குப் போகிறார். வாழைத் தோட்டத்தில் கன்று நடக் கிடங்கு வெட்டுகிற கூலி வேலை. பதினைந்து வயதில் கடலில் இறங்கிய மனிதர், பின்னேரம் செம்மண் காலோடு வந்து கிணற்றடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறார். படகு கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. நிலவென்றாலும் இருட்டென்றாலும் ஆறு மணிக்கெல்லாம் மனுசன் வீட்டில். மகள் வைரவரிடம் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது.

சில நாள் கழித்து அவள் பூவோடு வைரவரடிக்குப் போவதைக் கண்டு பின்னால் போனேன். இந்த முறை சத்தம் இல்லை, உதடு மட்டும் அசைந்தது.

"என்ன கேட்டனீ பிள்ளை?"

"இருட்டு."

"என்ன?"

"ஒவ்வொரு நாளும் இருட்டு வரவேணுமெண்டு கேட்டனான். நிலவுக்குச் சொன்ன வடைமாலையை இருட்டுக்குப் போடுறன் எண்டு சொன்னனான்."

அந்த மணலில் இருந்துகொண்டு நான் அவளுக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அம்மா கோபத்தில் சொன்னது, நிலவு வலையைத் தின்னாது, அப்பாவை அன்றைக்கு அனுப்பியதே நான்தான், குற்றம் என்னுடையது என்றெல்லாம் சொன்னேன். எல்லாவற்றுக்கும் "ஓம் அம்மா" என்றாள். மருந்து விழுங்குகிற பிள்ளை மாதிரி ஓம் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் பூவை ஆய்ந்துகொண்டு போனாள்.

போன பறுவத்தன்று நல்ல நிலவு. ஒழுங்கை முழுக்கப் பிள்ளைகளின் சத்தம். எங்கள் படலையில் வந்து நின்று இரண்டு பேர், "வாடி, வாடி" என்று அவளைக் கூப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவர் கால் கழுவிவிட்டு முற்றத்து மணலில் இருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். அவள் உள்ளே யன்னலைச் சாத்தி, வெளிச்சம் வருகிற நீக்கலுக்குள் தன் பழைய சட்டையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"குஞ்சு, வெளியாலை வா. அப்பா பின்னி விடுறன்" என்று அவர் கூப்பிட்டார்.

"வரமாட்டன் அப்பா."

"ஏனம்மா?"

"நான் பார்த்தால் அது போகாது. அது போனால்தானே நீங்கள் கடலுக்குப் போகலாம்."

அவர் என்னைப் பார்த்தார். வேலியில் வலை காயப்போடுகிற தடி வெறுமையாய் நின்றது. எந்த இருட்டு வந்தாலும் கொண்டுபோக எங்களிடம் ஒரு முழ வலைகூட இல்லை என்று அவர் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எழும்பி உள்ளே போய், கதவைச் சாத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன்.