அக்டோபரில் போட்ட தையல்

எங்கள் தெருவில் செலினா ஹார்கிரீவ்ஸைப் போலப் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளர்த்தவள் கிடையாது. ஆலையில் நான்கு தறி ஓட்டியவள். மூத்தவனைச் சளிக் காய்ச்சலுக்கு வாரிக் கொடுத்தவள். மிஞ்சியது எட்டு வயது எட்னா ஒருத்திதான். இங்கிலாந்தில் எங்கள் லங்காஷயர் குளிருக்கு நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். அக்டோபர் பிறந்ததும் பிள்ளையின் நெஞ்சிலும் முதுகிலும் வாத்துக் கொழுப்பைத் தேய்த்து, பழுப்புத்தாள் சுற்றி, மேலே கம்பளித் துணியை உடம்போடு சேர்த்துத் தைத்துவிடுவாள். பிரிப்பது மே மாதம்தான். அந்த வருஷம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது பக்கத்து வீட்டுக்காரியான நான்.

"ஊசி குத்துது பெரியம்மா!"

"குளிர் குத்துறதுக்கு இது தேவலை. ஆடாம நில்லுடி."

கிறிஸ்துமஸுக்குப் பிறகு எட்னா குனிவதையே விட்டுவிட்டாள். எது விழுந்தாலும் முதுகை வளைக்காமல், குந்தி உட்கார்ந்து எடுப்பாள். "மகாராணி குனிய மாட்டாங்களோ?" என்று கேலி செய்தேன். செலினாவும் சிரித்தாள். என் நாக்கில் கொள்ளியை வைக்க!

பள்ளிக்கூடங்களுக்கு டாக்டர் வரத் தொடங்கிய புதிது அது. பிப்ரவரியில் எங்கள் பள்ளிக்கு வந்தார். தாய்மார் கூட இருக்கலாம் என்று கடிதம் வந்தது. ஆலை மேஸ்திரி விடுவானா? "போறதுன்னா போ. உன் தறியில வேற ஒருத்தி நிப்பா" என்றுவிட்டான். முட்டிவலியால் ஆலையை விட்டு நின்றிருந்த நான்தான் போனேன்.

"அக்கா, தையலை மட்டும் பிரிக்க விட்டுராதீங்க," என்று செலினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பெரியவனைப் பிரிச்சுக் குளிப்பாட்டினேன். மூணாம் நாளே போயிட்டான்."

அங்கே நர்ஸ் கத்தரிக்கோலோடு நின்றாள். குறுக்கே போய் நின்றேன்.

"குழாயைத் துணிக்கு மேல வச்சா நெஞ்சு கேக்காதும்மா. வெளியில இன்னும் நாப்பது பிள்ளைங்க நிக்குது," என்றார் டாக்டர்.

தையல் பிரிந்தது. முதுகைத் திருப்பியவர் ஓரிடத்தில் விரலை வைத்தார். நடு முதுகில் ஓர் எலும்பு வாதுமைக் கொட்டை போலப் புடைத்திருந்தது.

"எலும்புல காசநோய். எத்தனை நாளா இருக்கு?"

அக்டோபருக்குப் பிறகு அந்த முதுகை யார் பார்த்தார்கள்?

"மருந்து குடுங்க ஐயா."

"பாத்து எழுதுறதுதாம்மா என் வேலை. பெரிய ஆஸ்பத்திரியில படுக்க வைக்கணும். இடம் கிடைக்க மாசக்கணக்காகும். அதுவரைக்கும் அசையாம படுத்திருக்கட்டும்."

அட்டையில் 'சிகிச்சை தேவை' என்று எழுதி, அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரைத் திட்டுவது?

சாயங்காலம் தலையெல்லாம் பஞ்சோடு வந்த செலினாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் அழவில்லை. மகளைத் திருப்பி அந்த எலும்பைத் தடவிப் பார்த்தாள்.

"மகாராணின்னு சிரிச்சோமேக்கா."

பிறகு எழுந்து போய்க் கொழுப்புச் சாடியையும் ஊசியையும் எடுத்து வந்தாள்.

"என்னடி பண்றே?"

"வேற என்ன பண்ணத் தெரியும்க்கா எனக்கு?"

பிள்ளையைப் பிடித்துக்கொண்டேன். அவள் தைத்தாள்.

"குத்துதா கண்ணு?"

"இல்லம்மா. மே மாசம் பிரிச்சிடுவேல்ல?"

செலினா அடுத்த தையலைப் போட்டாள்.