வசந்தா பிடித்த வெள்ளை அட்டை

"அட்டை ஆடுது, நல்லாப் பிடி" என்று நான் என் மனைவியைக் கடிந்துகொண்டதுதான் இந்த நோயைப் பற்றிய என் முதல் நினைவு.

யாங்கோனில் வீட்டுத் தோட்டங்களைப் படம் எடுப்பது என் தொழில். நாற்றுப்பண்ணைக்காரர்களும் வசதியான வீட்டுக்காரர்களும் கூப்பிடுவார்கள். குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் என்கிறார்களே, அந்த மாதங்களில் இங்கே மழை விடும். தடின்ஜூட் விளக்குத் திருவிழாவை ஒட்டிக் கழுவித் துடைத்த மாதிரி ஒரு வெயில் வரும். என் வேலையில் பாதி அந்தச் சில வாரங்களில்தான் நடக்கும். உதவிக்கு ஆள் வைக்காமல் வசந்தாவையே கூட்டிப் போவேன். பெரிய வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை அவள் இடுப்பளவில் சாய்த்துப் பிடித்து, செடியின் இருண்ட பக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிடுவாள். அப்படித் திரும்பிய வெயிலில் ஒரு பங்கு அவள் முகத்திலும் அடித்தது. அதை நான் யோசித்ததே இல்லை.

அன்று அவள் அட்டையைத் தரையில் வைத்துவிட்டாள்.

"விரலை மடக்க முடியலைங்க. காலைலேருந்து இப்படித்தான் இருக்கு."

"வயசாகுது உனக்கு" என்று சிரித்தேன். அவளுக்கு நாற்பதுதான் ஆகியிருந்தது.

கன்னம் சிவந்ததை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் தனக்கா. மரப்பட்டையைக் கல்லில் நீர்விட்டு இழைத்துப் பூசும் இந்த மஞ்சள் சாந்து இல்லாமல் இங்கே பெண்கள் வெயிலில் இறங்குவது அபூர்வம். தமிழர், பர்மியர் என்ற வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. சாயங்காலம் முகம் கழுவியதும் எரிகிறது என்பாள். "நாளைக்கு இன்னும் கெட்டியாப் போட்டுக்க" என்பேன். போட்டுக்கொள்வாள். அந்தச் சிவப்பு ஒரு கன்னத்தில் தொடங்கி, மூக்கின் மேலேறி, மறு கன்னத்தில் இறங்கியது. அதன்மேல் தினமும் தனக்கா இருந்தது. மூட்டுவலிக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று எங்கள் தாமுவே பேட்டை மருந்துக்கடை மாத்திரைகளிலேயே மாதங்கள் ஓடின.

கால்கள் வீங்கிய பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். பெண் மருத்துவரை இங்கே ஸயாமா என்று அழைப்போம். அந்த ஸயாமா முதலில் ஈரப்பஞ்சு கேட்டு வாங்கி, வசந்தாவின் முகத்திலிருந்த தனக்காவைத் தானே துடைத்தார். துடைத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். பகல் வெளிச்சத்தில், பூச்சு இல்லாமல், அந்த முகத்தை நானும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். வெளிச்சத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது.

நோயின் பெயர் லூபஸ் (உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குவது). சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. பயாப்ஸி (சதைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) செய்தார்கள். நோய் சிறுநீரகம்வரை போயிருந்தது. அதைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் அப்போது கேள்வி.

"நான் வெயில்ல நிக்க வச்சதாலயா?" என்று ஸயாமாவிடம் கேட்டேன்.

அவர் பர்மிய மொழியில் பொறுமையாகச் சொன்னார். "வெயில் மட்டுமே இந்த நோயைக் கொண்டுவராது. உள்ளே இருப்பதைக் கிளப்பிவிடும். நீங்கள் கூட்டிப் போகாவிட்டாலும் வந்திருக்கலாம்."

அதில் 'கிளப்பிவிடும்' என்ற சொல்லை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) வசந்தாவின் முகத்தை உப்ப வைத்தது. சீப்பில் முடி கொத்தாக வந்தது. சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல். நான் எல்லா ஜன்னலுக்கும் கறுப்புத் துணி தைத்து மாட்டினேன். தோட்ட வேலை எதையும் ஒப்புக்கொள்ளாமல், மண்டபத்துக்குள் நடக்கும் கல்யாணங்களை மட்டும் எடுத்தேன். மழை விட்டு அந்த வெயில் வந்தபோது தெருவில் தலைகுனிந்து நடந்தேன். அது அழகாக இருந்தது, எனக்கு அது பிடித்திருந்தது. இரண்டுமே குற்றமாகப் பட்டன.

மருந்து கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் புரதம் குறைந்தது, சிறுநீரகம் தப்பியது. முழுக்கைச் சட்டை, குடை, வெயில் தடுப்புக் களிம்பு எல்லாம் இருந்தால் காலையிலும் மாலையிலும் வெளியே போகலாம் என்றார் ஸயாமா. நான் தலையாட்டிவிட்டு வந்தேன். ஜன்னல் துணிகளைக் கழற்றவில்லை.

ஒருநாள் வசந்தாவே ஒரு துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

"பகலா ராத்திரியான்னு தெரியாம சோறாக்கறேன் நான்."

"உனக்காகத்தானே மாட்டினேன்?"

"எனக்காகவா? என்னப் பாக்கறப்பல்லாம் கொலை பண்ணினவன் மாதிரி மூஞ்சிய வச்சுக்கறீங்க. நான் யாபாதே, யாபாதேன்னு உங்களத் தேத்தணும். மாத்திரையும் நான் முழுங்கணும், உங்களையும் நானே தேத்தணுமா?"

யாபாதே என்றால் பர்மிய மொழியில் 'பரவாயில்லை'. எத்தனை தடவை அதை அவள் வாயிலிருந்து வரவழைத்திருக்கிறேன் என்று அன்றுதான் உறைத்தது. இதே நோய் வந்தவரை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். எனக்கு நானே தண்டனை கொடுத்துக்கொள்வதாக நினைத்தேன். இருட்டில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

அந்த வாரமே, என்னைக் கேட்காமல், தின்கன்ஜூன் பேட்டையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் தோட்டத்தைப் படம் எடுக்க ஒப்புக்கொண்டுவிட்டாள்.

"நான் எடுக்கறேன். நீங்க அட்டையப் பிடிங்க" என்றாள்.

காலையிலேயே போனோம். வாசல் கூரையின் நிழலில் நாற்காலி போட்டு, கழுத்துவரை மூடிய சட்டையும் தொப்பியுமாக அவள் கேமராவோடு உட்கார்ந்தாள். முற்றத்து வெயிலில் சாமந்தித் தொட்டிகள், அவற்றுக்குப் பக்கத்தில் நான். ஆசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கோ ராஜு, இன்றைக்கு நீங்கள் வேலைக்காரரா?" என்று, பர்மிய வழக்கப்படி என் பெயருக்கு முன் மரியாதைக்குக் 'கோ' சேர்த்து, பர்மிய மொழியில் கேட்டுச் சிரித்தார்.

வசந்தாவுக்கு அவசரமே இல்லை. விரல்கள் இன்னும் முழுதாக மடங்குவதில்லை, பொத்தானைக் கட்டைவிரலால்தான் அழுத்தினாள். மேகம் வந்தால் காத்திருந்தாள். நான் பூவைப் பார்க்கவில்லை. கூரை நிழலின் ஓரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நோய்க்குப் பிறகு எனக்குக் கடிகாரம் அதுதான். யார் வீட்டுக்குப் போனாலும் நிழல் எப்போது விலகும் என்று கணக்குப் போடுகிறேன். வெயில் என் கையில் பட்டாலும் அவள் கன்னம்தான் நினைவுக்கு வருகிறது.

நிழல் சுருங்கி அவள் செருப்பு நுனியில் வெயில் ஏறியது.

"வசந்தா, கால்."

"தெரியுது."

கேமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வெயில் கால் கட்டைவிரலுக்கு வந்தது. களிம்பு பூசியிருக்கிறாள், எனக்குத் தெரியும். ஆனாலும் அட்டையைப் போட்டுவிட்டு ஓடி அவள்முன் நின்று மறைக்கத்தான் உடம்பு துடித்தது. ஓடினால் அவள் எடுக்கும் படம் போய்விடும். ஓடாமல் நின்றால், மறுபடியும் அவள்மேல் வெயில் படப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன் ஆவேன். எது சரி என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

நின்றேன்.

அவள் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினாள். திரையைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே எழுந்து, நாற்காலியைத் தானே பின்னுக்கு இழுத்துப் போட்டு, நிழலுக்குள் மறுபடி உட்கார்ந்தாள்.