பிரதி இல்லாத வெள்ளிக்கிழமை

துபாயில் யாகப்பன் வேலை பார்க்கும் கம்பெனி இருக்கும் தெருவில் கரண்டு நின்று நின்று வருகிறதாம். ஜன்னத்தின் நானாவுக்கு, அதாவது அண்ணனுக்கு, ஊர் திரும்பும் விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது.

"கரண்டு போனா ஒங்க கம்ப்யூட்டரும் எங்க வூட்டு கிரைண்டரும் ஒண்ணுதானாமே அண்ணே!" என்று சிரித்தாள் ஜன்னத். யாகப்பன் சிரிக்கவில்லை.

அவள் கணவர் முத்து முகம்மதுவும் யாகப்பனும் அங்கே ஒரே கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறவர்கள். யாகப்பன் மட்டும் மாதா கோயில் திருவிழாவுக்கு லீவில் ஊருக்கு வந்திருந்தான்.

எந்திரத்தின் புரோகிராம்கள் டிஸ்க்கில் லைப்ரரி என்ற ஓரிடத்தில் இருக்கும். திருத்தம் வந்தால் புதியது பின்னால் போய் உட்காரும். பழையது செத்த இடமாக நடுவில் கிடக்கும். நிரம்பிவிட்டால் எல்லாவற்றையும் முன்னால் நெருக்கி இடத்தை மீட்க வேண்டும். பாதி நெருக்கும்போது கரண்டு நின்றால் மொத்தமும் கந்தல். அதனால் முதலில் ஒரு பிரதி. பிரதி எடுப்பது யாகப்பன், நெருக்குவது முத்து முகம்மது. எடுத்தாயா என்று அவர் கேட்பதே இல்லை. ஊர்க்காரனை அப்படிக் கேட்டால் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடுமாம்.

புறப்பட்ட அன்று திருத்தங்களுக்கு இடம் போதவில்லை. யாகப்பன் பிரதியை அழித்துத்தான் இடம் பண்ணினான். புதிதாக ஒன்று எடுத்துவிடலாம் என்று இருந்தவனை, முத்து முகம்மதுவிடம் சொல்லக்கூட விடாமல் ஏர்போர்ட் வண்டி ஹாரன் அடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"பாய் இன்னைக்கு வேலைக்குப் போவாரா?"

"வெள்ளிக்கிழமைல்ல? ஆபீசு லீவு, மிஷினு சும்மா கெடக்கும், ஜும்மா முடிஞ்சு போயி நெருக்கிடுறேன்னு எழுதியிருந்தாங்க. ஏண்ணே, மூஞ்சி இப்படி வெளுத்துப் போச்சு?"

யாகப்பன் தபாலாபீசுக்கு ஓடினான். ஜன்னத்தும் முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

"பொண்டாட்டிய இங்க விட்டுட்டு அங்க யாருக்கு சார் இவ்வளவு அவசரமா போனு?" என்றாள், டிரங்க்கால் பதியும் மங்கையர்க்கரசி.

"எங்க வூட்டுக்காரருக்குத்தாம்மா. சீக்கிரம் போடுங்க" என்றாள் ஜன்னத்.

காத்திருந்த நேரமெல்லாம் யாகப்பன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து துபாய் நேரத்தைக் கணக்குப் போட்டான். லைப்ரரி போனால் அங்கே நியாயம் கேட்க ஆளில்லை. கடைசியாகக் கை வைத்தவனைத்தான் பிடிப்பார்கள். முத்து முகம்மதுவின் பாஸ்போர்ட்டோ மேனேஜரின் மேசை டிராயரில். வேண்டுமென்றே கெடுத்தான் என்று எழுதிவிட்டால் போலீஸ், ஜெயில். பிரதி இருக்கும் என்று நம்பி பட்டனைத் தட்டப்போகிற மனுஷன் அவர்.

"லைன் கெடச்சிடுச்சு சார், எடுங்க!"

துபாயில் மணி அடித்தது. போன் இருப்பது எந்திர அறைக்கு வெளியே. ஏசி இரைச்சலில் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது.

"எடுக்கலையாண்ணே? அப்ப இன்னும் பள்ளிவாசல்லேருந்து வரல. அதானே?"

அதாகவும் இருக்கலாம். உள்ளே உட்கார்ந்து நெருக்க ஆரம்பித்தும் இருக்கலாம்.

"எடுங்க பாய்" என்றான், மணி அடிக்கும் ரிசீவருக்குள்.

அது அடித்துக்கொண்டே இருந்தது.