பறிக்கிற நாளை யார் சொல்வது

நகுலேஸ்வரன் பதினோரு வருடம் ஜெர்மனியில் திராட்சை பறித்தவர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போன இடத்தில், மோசெல் ஆற்றங்கரையில் கிடைத்த வேலை அது. நேராக நிற்கக்கூட முடியாத மலைச்சரிவு; கால் வைக்கிற இடமெல்லாம் கறுத்த பலகைக் கற்கள். பகல் வெயிலை அந்தக் கற்கள் வாங்கி வைத்திருந்து இரவில் கொடிக்குக் கொடுக்கும். அந்தக் குளிரிலும் ரீஸ்லிங் என்கிற வெள்ளைத் திராட்சை பழுப்பது அதனால்தான். இடுப்பு ஒடிய எல்லா வேலையும் செய்தார், ஒன்றைத் தவிர. 'இன்றைக்குப் பறிக்கலாம்' என்று சொல்கிற வேலை முதலாளியுடையது. அவர் ஒரு பழத்தை வாயில் போட்டு மென்று, வானத்தைப் பார்த்து, தலையசைப்பார். தானும் ஒரு நாள் அப்படித் தலையசைக்க வேண்டும் என்று நகுலேஸ்வரனுக்கு ஆசை பிடித்தது அங்கேதான்.

பிறகு பத்மராணியைக் கட்டி, அவர் இருந்த நியூஜெர்சிக்கே வந்து, மருந்துக் கிடங்கு ஒன்றில் சூப்பர்வைசராக இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஒரு விருந்தில் பிச்சுமணி, சென்னைக்காரர், பெரிய ஐ.டி. ஆள், "ஜெர்மன் வைனா? சக்கரைத் தண்ணி சார் அது!" என்று சிரித்தார். நகுலேஸ்வரனுக்குச் சுருக்கென்றது.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. ட்ரை வைனும் அங்க நிறைய இருக்கு. லேபிள்ல கபினெட், ஷ்பேட்லேஸ, அவுஸ்லேஸ எண்டு போட்டிருக்கிறது, பறிக்கேக்க பழம் எவ்வளவு பழுத்திருந்தது எண்டதைத்தான். ஷ்பேட்லேஸ எண்டால் பிந்திப் பறிச்சது. மழையும் அழுகலும் வராமல் காத்துக்கொண்டிருந்து பறிக்கிறது."

பிச்சுமணி வாயைப் பிளந்து கேட்டார். வடக்கே மலைப்பக்கம் ஐந்து ஏக்கரோடு அவர் வீடு வாங்கியிருந்தார். "நிலம் என்னோடது, கொடி உங்களோடது. என்னிக்குப் பறிக்கறதுன்னு நீங்கதான் சொல்லணும் நகுல். ப்ராமிஸ்!"

அந்த ஒரு வாக்குக்காகத்தான் அங்கே நூற்றிருபது ரீஸ்லிங் கொடி நட்டு, நான்கு வருடம் சனிக்கிழமை தவறாமல் ஒரு மணி நேரம் கார் ஓட்டிப் போனார். பனிக்காலத்தில் ஒவ்வொரு கொடியிலும் ஒற்றைத் தண்டை மட்டும் விட்டு மற்றதையெல்லாம் வெட்டினார். மூன்றாம் வருடம் வந்த குலைகளை, வேர் பலக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கிள்ளி எறிந்தார். நான்காம் வருடம் நூற்றிருபது கொடியும் காய்த்தன. பறவைக்கு வலை கட்டினார். செப்டம்பர் கடைசியில், சர்க்கரை அளக்கும் குழாயைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு கிழமை" என்றார். பிச்சுமணி, "நாலு வாரமா? நீங்க சொன்னா சரி" என்றார்.

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை போனால், வலை சுருட்டி ஓரமாகக் கிடந்தது. கொடியில் ஒரு குலை இல்லை. மானோ கரடியோ என்றுதான் முதலில் பதறினார் அந்த அப்பாவி மனிதர்.

"அய்யய்யோ, சொல்ல மறந்துட்டேன்! நம்ம பொண்ணு விஷாகா நிச்சயதார்த்தத்துக்கு வந்த கெஸ்ட்ஸ் எல்லாம் போன சண்டே கிரேப் பிக்கிங் பண்ணினாங்க. கால்ல போட்டு மிதிச்சு, ஒரே ஃபன்! உங்களைக் கேட்டா வேணாம்னுதானே சொல்லியிருப்பீங்க?" பிச்சுமணி போனை நீட்டினார்.

படத்தில் வாளியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு நின்றாள் சயந்தினி. நகுலேஸ்வரனின் ஒரே மகள். அந்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதிகளோடு சாப்பிடப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள்.

வீட்டுக்கு வந்து அவளிடம் கேட்டார். "உனக்குத் தெரியும்தானே பிள்ளை, நான் என்னத்துக்குக் காத்துக்கொண்டிருந்தனான் எண்டு?"

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் கிரேப்ஸ். அங்கிள் டோல்ட் அஸ் நாட் டு டெல் யூ."

மறந்துவிட்டேன் என்றவர், சொல்லாதே என்று எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். அது பச்சைத் துரோகம். ஆனாலும் அந்த ஆள் வெளியாள், காறித் துப்பிவிட்டுப் போகலாம். சொந்த மகளே கூட்டத்தோடு சேர்ந்துகொண்டு தன்னை முட்டாளாக்கியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பத்மராணி சோற்றைப் போட்டு வைத்துக் கூப்பிட்டும் வரவில்லை. காருக்குள் போய் உட்கார்ந்து அழுதார்.

அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. பிப்ரவரியில், எல்லோரும் சாப்பாட்டு மேசையில் இருக்கும்போது பிச்சுமணி போனில் கூப்பிட்டார். "என்ன நகுல், ஆளையே காணோம்? ப்ரூனிங் டைம் ஆச்சே, கொடியெல்லாம் காடா கிடக்கு. எப்ப வரீங்க?"

நான்கு வருடம் தொட்டு வளர்த்த கொடிகள். நகுலேஸ்வரனுக்குக் கை துறுதுறுத்தது. எண்ணெய் போட்ட கத்தரிக்கோல் கராஜில் தயாராகத்தான் இருந்தது.

"பறிக்க நாள் குறிச்ச உங்களுக்கு, வெட்டத் தெரியாதே? விருந்தாளியளைக் கூப்பிடுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சயந்தினி நிமிர்ந்து பார்த்தாள். பல மாதமாகத் தகப்பனிடம் முகம் கொடுத்துப் பேசாதவள், அன்று தமிழிலேயே மெதுவாகக் கேட்டாள்: "வெட்டாட்டி கொடி செத்துப் போகுமா அப்பா?"

"சாகாது பிள்ளை. முந்தியைவிட நிறையக் காய்க்கும்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி. "ஒண்டும் பழுக்காது."