அண்ணன் பூட்டித் தந்த பிரேக்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புலம்பெயர்ந்து வந்த புதிதில், நானும் அண்ணனும் செவன் கிங்ஸில் ஒரு வீட்டின் மேல்மாடியில் குடியிருந்தோம். அண்ணனுக்கு அப்டன் பார்க்கில் ஒரு சைக்கிள் கடையில் வேலை. எனக்கு இல்ஃபோர்டில் தையல் வேலை. இருவரும் சைக்கிளில்தான் போய்வந்தோம்.

என்னுடைய பழைய சைக்கிளின் டயர் மிக மெல்லியது. ஒரே மாதத்தில் மூன்று முறை காற்றுப் போனதும், அகலமான டயர் போட்டுத் தரும்படி அண்ணனிடம் கேட்டேன். போட்டுப் பார்த்தால் டயர் பிரேக்கில் உரசியது. சக்கரம் சுற்றவே இல்லை.

"டயரைச் சுத்தி எட்ட, நீளக் கை உள்ள பிரேக் போடவேணும். ஆனா கை நீண்டா பிடி குறையும். இப்ப ரெண்டு அச்சு வைச்ச புதுசு ஒண்டு வந்திருக்கு, அது இறுக்கிப் பிடிக்கும். முதலாளியிட்டைக் கேட்டு வாங்கியாறன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு சைக்கிளையும் வாசலில் கவிழ்த்துவைத்து, இரண்டுக்கும் அகலமான டயரும் வேறு பிரேக்கும் பூட்டினார். நான் தேநீர் போட்டுக்கொடுத்தேன்.

என்னுடைய பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி சற்று ஓடித்தான் நின்றது. அண்ணனிடம் சொன்னேன்.

"புதுசு அப்பிடித்தான். பழகச் சரிவரும்."

அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

ஒரு மழைநாள் காலை, பாதசாரிக் கடவையில் ஒரு முதியவர் இறங்கினார். இரண்டு கையாலும் அழுத்தினேன். வண்டி நிற்கவில்லை. அவரில் மோதாமல் திருப்பியதில் நடைபாதை விளிம்பில் மோதி விழுந்தேன். தோள்பட்டை எலும்பு உடைந்தது.

பார்க்க வந்தவர்களிடம் அண்ணன், "இவளுக்கு எப்பவும் ரோட்டிலை கவனமில்லை" என்றார். நானும் தலையாட்டினேன். கவலைப்படுத்தியதற்காக அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

கை சரியானதும் வளைந்த சக்கரத்தை நிமிர்த்த, அண்ணனுக்கு விடுமுறையான ஒரு நாளில், அவருக்குச் சொல்லாமல் சைக்கிளை அவர் வேலைசெய்யும் கடைக்கே கொண்டுபோனேன். முதலாளி ஒரு பஞ்சாபிக்காரர். பிரேக்கைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. இது கழிவுப் பெட்டியில் கிடந்த பழைய நீளக் கை பிரேக் என்றார். தங்கைக்கென்று கேட்டதால் புது பிரேக்கை அண்ணனிடம் காசு வாங்காமலே கொடுத்தாராம்; அதே மாதிரி ஒன்றை எடுத்துக் காட்டினார்.

அந்தப் புது பிரேக்கை நான் தினமும் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டு நடையில் சாத்தியிருந்த அண்ணனின் சைக்கிளில் அது இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே கேட்டேன். சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"நீ ரெண்டு மைல்தானே ஓடுறாய். நான் அப்டன் பார்க் வரைக்கும் போறன்."

"நான் விழுந்தாப் பிறகாவது சொல்லியிருக்கலாம், அண்ணை."

"அம்மாவுக்கு எழுதிப்போடாதை" என்றார்.

மறுநாள் காலை புது பிரேக் என் சைக்கிளில் பூட்டியிருந்தது. அண்ணன் முன்னதாகவே போய்விட்டிருந்தார். முதல் சிக்னலில் இரண்டு விரலால்தான் தொட்டேன். வண்டி அப்படியே நின்றது. ஓரத்தில் இறங்கி, அழுகை அடங்கும்வரை நின்றுவிட்டு வேலைக்குப் போனேன்.

அம்மாவுக்கு நான் எழுதவில்லை. அந்த ஆண்டே நகரின் மறுகோடியில், மோர்டனில், ஒரு தோழியின் வீட்டுக்குக் குடிபோனேன். சாமான் ஏற்ற அண்ணன் வந்தார். பெட்டிகளை நானே தூக்கிக்கொண்டேன்.