ஐந்து வகுப்புக்கு ஒரு டீச்சர்

ஒரகடம் பக்கத்தில் உள்ள எங்கள் அரசுப் பள்ளியில் ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். பெரிய டீச்சரும் நானும்.

இன்று ஸ்ரீபெரும்புதூரில் எனக்குப் பயிற்சி. தலைப்பு, ‘ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்புகளைக் கையாள்வது எப்படி?’

பயிற்சிக்கு வந்த நிதியில் சாப்பாடு, சார்ட், ஸ்கெட்ச் பேனா எல்லாம் உண்டு. எனக்குப் பதிலாகப் பள்ளியில் பாடம் எடுக்க மட்டும் ஆள் இல்லை.

மாலை ஷேர் ஆட்டோ பிடித்துப் பள்ளிக்குப் போனேன். பெரிய டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

“இன்னா சொல்லிக் குடுத்தாங்க?”

தலைப்பைச் சொன்னேன்.

“அதத்தான் காலைலருந்து நான் இங்க பண்ணிக்கினு இருந்தேன். அடுத்த வாட்டி அவங்கள இங்க வரச் சொல்லும்மா.”

அடுத்த முறை பயிற்சி கொடுக்கவே என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம்.

அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று பயிற்சியில் சொல்லித் தரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.