ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஓர் எலுமிச்சை

ஆலப்பாக்கம் தாண்டும்போதே வண்டி ஒருமுறை வெட்டியது. புதுச்சத்திரத்துக்கு முன்னால் ஒரு லாரிக்கு ஒதுங்க ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பினேன்; அடியோடு செத்துப்போனது. என்ஜின் மட்டுமில்லை, ஹாரன், மீட்டர் விளக்கு எல்லாமே. லாரி உரசாமல் போனது யார் செய்த புண்ணியமோ.

பின்னால் என் மனைவி ஹால் டிக்கெட் கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருந்தாள். சிதம்பரத்தில் அவளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். வயது வரம்பின்படி இதுதான் அவளுக்குக் கடைசி வாய்ப்பு. பஸ்ஸில் போகிறேன் என்றவளை, வண்டியில் சீக்கிரம் போய்விடலாம் என்று நான்தான் ஏற்றி வந்திருந்தேன். இப்போது வந்த ஒரே பஸ்ஸும் அவள் கை காட்டியும் நிற்காமல் போய்விட்டது.

எல்லாம் ஒரேயடியாக அணைந்ததால் கோளாறு பெட்ரோலில் இல்லை, கரண்டில்தான். பியூஸ் நன்றாக இருந்தது. பேட்டரி ஒயரும் இறுக்கமாகவே இருந்தது. சாவியைப் போட்டு ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பார்த்தேன். வலப்பக்கம் போனால் விளக்கு எரிந்தது, இடப்பக்கம் வந்தால் அணைந்தது. ஹெட்லைட்டுக்குப் பின்னால் கையை விட்டேன். பிசுபிசுவென்று ஏதோ ஒட்டியது.

எலுமிச்சம்பழமும் மிளகாயும். கறுப்புக் கயிற்றில் கோத்து, ஒயர்களை இணைக்கும் கப்ளரிலேயே கட்டியிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அந்தக் கனம் கப்ளரை இழுத்து, பூட்டு உடைந்து பாதி கழன்றிருந்தது. சாறு இறங்கி உள்ளே பின்களெல்லாம் பச்சைக் களிம்பு.

"ஒயர்ல யாராவது கட்டுவாங்களாடி? படிச்சவதான நீ?" நடுரோட்டில் கத்திவிட்டேன்.

"வெளிய கட்டுனா நீங்க அறுத்துப் போட்டுடுறீங்க மாமா. அதான் உள்ளாற கட்டுனேன்." அவள் கவரை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "மழையில வண்டியோட வழுக்கி வுழுந்தீங்கல்ல, அதுலேருந்து அமாவாசைக்கு அமாவாசை மாத்துறேன். எனக்கா கட்டிக்கிட்டேன்?"

சாவியை எடுத்துவிட்டு, அவள் துப்பட்டாவிலிருந்த ஊக்கை வாங்கிக் களிம்பைச் சுரண்டினேன். கப்ளரை அழுத்தினால் சேர்ந்தது, விட்டால் கழன்றது. அவள் பழத்திலிருந்து கயிற்றை உருவி, நான் அழுத்திப் பிடித்திருக்க, சுற்றிச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள். பழத்தை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். சாவியைத் திருப்பி, ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தேன். விளக்கு அணையவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு வேகத்தடையிலும் எனக்கு உயிர் போய் வந்தது. சிதம்பரத்துக்குள் வளைவுகளில் நிறைகுடத்தைத் தூக்கிப்போவதுபோல் ஹேண்டில்பாரைத் திருப்பினேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காவலாளி கதவை இழுத்துக்கொண்டிருந்தார். குதித்து ஓடியவள் பாதியில் திரும்பினாள். "அந்தப் பழத்த ரோட்டுல போட்டுடாதீங்க மாமா, யாராவது மிதிச்சிடுவாங்க!" ஒருக்களித்து உள்ளே நுழைந்துவிட்டாள்.

கதவு சாத்தியபிறகுதான் வண்டியை அணைத்தேன். எனக்காகக் கட்டிய பழம் என் பையில் இருந்தது. அவளுக்காகக் கட்ட நான் எதையுமே கொண்டுவந்திருக்கவில்லை.